கப்பலிலிருந்து இறங்கிய பின் ஒரு பகல்



நெடும்பயணத்தில் நாம் மிகுதியாக வீணாக்குவது இடைப்பொழுதைத்தான். ஓர் ஊர்தி நம்மை இறக்கிவிட்டுப் போய்விட்டது. மற்றோர் ஊர்தி வந்து ஏற்றிக்கொள்ளப் பத்து அல்லது பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறது. அந்நேரத்தை எப்படிக் கழிப்பது என்று எண்ணுகிறோமேயன்றி, எப்படிப் பயன்கொள்வது என்று எண்ணுவதில்லை. பயன்கொள்ளும் வழி ஒன்றை எடுத்துக்காட்டுடன் விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

அந்தமான் தீவுகளிலிருந்து சென்னைக்குப் பயணிகள் கப்பல் வருகிறது. 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடக்க அதற்கு மூன்று நாள் அளவில் ஆகும். 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பற்பயணமும் தொடங்கிவைக்கப்பட்டது. இவ்வாறு கடல்வழி வந்து கரையேறுவோருட் பலர் சென்னையிலேயே தங்குபவர் அல்லர். பெங்களூருக்கும் கோவைக்கும் கேரள நாட்டிற்கும் இரவு வண்டியில் செல்ல வேண்டியவர் சிலர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உறவினரை அழைத்துவந்து, மருத்துவர் குறித்த நாளுக்காகக் காத்திருப்பவர் சிலர். விடுமுறைக்குப் பின் கல்லூரி திரும்பும் மாணவரும் உளர். இவர்கள் அனைவர்க்கும் கையில் இருப்பது ஒரே ஒரு பகல்.

அப்பகலைப் பெரும்பாலோர் சென்ட்ரல் நிலையத்து நாற்காலியில் கழிக்கின்றனர். ஊக்கமுடையோர் ஒரு வாடகை ஊர்தி அமர்த்திக்கொண்டு, கடற்கரை, கோயில், கடைத்தெரு, அருங்காட்சியகம் என ஏழெட்டு இடங்களுக்கு விரைகின்றனர். மாலையில் அவர்களைக் கேட்டால் எதைக் கண்டோம் என்று தெளிவாகச் சொல்ல முடிவதில்லை. நாற்காலியில் இருந்தவர் ஒன்றையும் காணவில்லை. ஊர்தியில் விரைந்தவர் ஒன்றையும் நின்று காணவில்லை.

குறுகிய பொழுதில் ஓரிடத்தைக் காண விரும்புவோர்க்கு நான் மூன்று விதிகளைச் சொல்லுவேன். முதலாவது, காலத்தைப் பின்னிருந்து எண்ணுக. இரவு வண்டி எப்போது புறப்படும் என்பதை முதலில் எழுதி, அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருப்பதாக வைத்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வருக. இரண்டாவது, போகவேண்டிய திசையிலேயே போகுக. மேற்கே செல்ல வேண்டியவர் கிழக்கே சுற்றித் திரும்பினால் பாதிப் பகல் வழியிலேயே போய்விடும். மூன்றாவது, இடங்களின் பட்டியலைக் கையில் எடுக்காமல் ஒரு வினாவை மனத்தில் எடுத்துக்கொள்ளுக. வினாவோடு செல்பவர்க்கு ஊரே விடை கூறத் தொடங்கும்.

இவ்விதிகளைப் பின்பற்றினால், சென்னையில் காலையில் கரையேறியவர் தம் பகலை வேலூரிலும் ஆம்பூரிலும் கழிக்கலாம். மேற்கே செல்லும் வண்டிகளுள் மிகப் பல காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, சோலையார்பேட்டை வழியாகவே செல்கின்றன. ஆதலின் சென்ட்ரலில் ஏறுவதாகப் பதிந்த இரவு வண்டிச் சீட்டில், ஏறும் நிலையத்தைக் காட்பாடி என்றோ சோலையார்பேட்டை என்றோ மாற்றிக்கொள்ளலாம். இதனைப் பயணத்திற்கு முந்தைய நாளே செய்துவிடுதல் நன்று. மாற்றிய பின் பழைய நிலையத்தில் ஏற உரிமையில்லை என்பதையும் மறவாதீர்கள். கப்பல் குறித்த நேரத்தில் வந்து சேராமலும் போகலாம். காலநிலையும் துறைமுக ஒழுங்கும் அதற்கு இடந்தரவேண்டும். எனவே, கப்பல் சேரும் நாளிலேயே இப்பயணத்தை வைத்துக்கொள்பவர், கரையேறிய பின் எட்டு மணி நேரமேனும் எஞ்சியிருந்தால் மட்டும் மேற்கே புறப்படுக. இல்லையேல் சென்னையிலேயே இருந்துவிடுக.

கப்பலிலிருந்து இறங்கியவர்க்கு இன்னொரு செய்தியும் கூறவேண்டும். தரையில் கால் வைத்த பின்னும் தரை ஆடுவது போலத் தோன்றும். இது நோயன்று. நம் உட்செவியில் நீர்மம் நிறைந்த நுண்குழல்கள் உள்ளன. உடலின் அசைவை மூளைக்கு அறிவிப்பவை அவையே. மூன்று நாள் அலையின் அசைவுக்குப் பழகிய மூளை, அலை நின்ற பின்னும் சிறிது நேரம் அவ்வசைவை எதிர்பார்த்துக்கொண்டேயிருக்கிறது. பெரும்பாலார்க்கு ஓரிரு நாளில் இது தானே மாறிவிடும். மூடிய அறையில் படுத்திருப்பதினும் திறந்த வெளியில், தொலைவில் உள்ள மலையையோ மதிலையோ பார்த்துக்கொண்டு மெல்ல நடத்தல் இதற்கு நல்லது. வேலூர்க் கோட்டையின் அகன்ற வெளி இதற்கு மிகப் பொருந்தும்.

துறைமுகத்திலிருந்து வேலூர்ப் பக்கம் செல்லும் வழிக்கே ஒரு வரலாறு உண்டு. தென்னாட்டின் முதல் பயணிகள் இருப்புப்பாதை, துறைமுகத்தை அடுத்த இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை அமைக்கப்பட்டு, 1856 ஜூலை 1-இல் திறக்கப்பட்டது. அந்நாளில் அக்கோடி நிலையத்திற்கு ஆர்க்காடு என்று பெயர். கடலையும் பாலாற்றுச் சமவெளியையும் அப்பாதை இணைத்தது. ஆற்றோரத்து ஊர்களில் பதனிட்ட தோல் கப்பலேறிச் சீமைக்குச் செல்ல அது வழி செய்தது. பாதை பின்னர் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்குக் கடற்கரை நோக்கி நீண்டது. கப்பலிலிருந்து இறங்கி நாம் மேற்கே செல்லும்போது, தோல் கடலுக்கு வந்த வழியே எதிர்த் திசையில் செல்கிறோம் என்க.

இனி, கையில் எடுத்துச்செல்லவேண்டிய வினா எது? அதனைக் காட்பாடியில் இறங்கிய சிறிது நேரத்திலேயே காணலாம். சென்னையிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத்தில், 130 கிலோமீட்டர் தொலைவில் காட்பாடிச் சந்திப்பு வந்துவிடும். அங்கிருந்து வேலூருக்குப் பேருந்தில் செல்லும்போது ஒரு நீண்ட பாலம் வரும். பாலத்தின் கீழே பெரும்பாலான மாதங்களில் மணலும் முட்செடியுமே தெரியும். அதுதான் பாலாறு. கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றி, கருநாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 என மொத்தம் 348 கிலோமீட்டர் கடந்து, கல்பாக்கத்திற்குத் தெற்கே கடலில் கலக்கும் ஆறு அது. இத்துணை அகலமான ஆற்றில் நீர் எங்கே? மணலுக்கடியில் உள்ள நீர் எத்தகையது? இவ்வினாவுடன் பாலத்தைக் கடப்போம்.

பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்னும் நினைவிடம் ஒன்று இருக்கிறது. கப்பலில் வந்தவர்கள் அங்கே ஒரு கணம் நிற்றல் வேண்டும். கண்டியை ஆண்ட கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனின் நினைவிடம் அது. கண்ணுசாமி என்பது அவன் இயற்பெயர். 1815-இல் ஆங்கிலேயர் அவனைச் சிறைப்பிடித்தனர். 1816 ஜனவரியில் மனைவியர் சுற்றத்தாருடன் கார்ன்வாலிஸ் என்னும் கப்பலில் ஏற்றிக் கொழும்பிலிருந்து சென்னைக்கு அனுப்பினர். அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்ட மன்னன், 1832-இல் இறக்கும் வரை ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தான். நமக்கு வேலூர் ஒரு பகற்பொழுதின் தங்கல்; கடல் கடந்து வந்த அம்மன்னனுக்கு அதுவே வாழ்வின் முடிவாயிற்று.

அடுத்துக் கோட்டை. பதினாறாம் நூற்றாண்டில், விசயநகரப் பேரரசின் காலத்தில் எழுந்த இக்கருங்கற் கோட்டை ஏறத்தாழ 133 ஏக்கர் பரப்புடையது. சுற்றிலும் அகழி. உள்ளே சலகண்டேசுவரர் கோயில், ஒரு பள்ளிவாசல், ஒரு கிறித்தவக் கோயில் ஆகிய மூன்றும் உள்ளன. கோயிலின் திருமண மண்டபத்துத் தூண்களில் பாயும் யாளிகளையும் குதிரை வீரர்களையும் செதுக்கிய சிற்பியின் திறத்தைக் காண அரைமணி நேரம் ஒதுக்குக. ஆங்கிலேயர் இக்கோயிலைப் படைக்கலக் கிடங்காக வைத்திருந்தனர். நெடுங்காலம் மூலவர் இன்றியே இருந்த கோயிலில் 1981-இல்தான் மீண்டும் இறைவன் எழுந்தருளினான். நண்பகலுக்குப் பின் சிறிது நேரம் திருக்கதவம் சாத்தப்படும். ஆதலின் கோட்டைக்குள் நுழைந்ததும் முதலிற் கோயிலுக்குச் செல்லுதல் அறிவுடைமை.

இக்கோட்டையில் ஒரு பகலில் நடந்த நிகழ்ச்சியை வரலாற்று நூல்களிற் படித்திருப்பீர்கள். 1806 ஜூலை 10, விடியற்கு முன், இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலப் படையினரைத் தாக்கிக் கோட்டையைக் கைப்பற்றினர். திப்பு சுல்தானின் மக்கள் அப்போது கோட்டையினுள்ளே காவலில் இருந்தனர். மைசூரின் புலிக்கொடி மதில்மேல் ஏற்றப்பட்டது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்னும் தளபதி குதிரைப்படையுடன் காலையிலேயே வந்து சேர்ந்தான். அன்றே புரட்சி அடக்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயரும் பல நூறு சிப்பாய்களும் மாண்டனர். 1857-ஆம் ஆண்டின் பெரும்புரட்சிக்கு அரை நூற்றாண்டு முற்பட்டது இது. 2006-இல் இருநூறாம் ஆண்டு நினைவாக அஞ்சல்தலை வெளியிடப்பட்டது.

இப்புரட்சிக்குப் பல காரணங்கள் உண்டு. உடனடிக் காரணம் சிப்பாய்களின் உடையைப் பற்றிய புதிய ஆணை. நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, புதிய வகைத் தலைப்பாகை அணிதல் வேண்டும் என்றனர். அத்தலைப்பாகையின் முகப்பில் தோலாற் செய்த குஞ்சம் ஒன்று இருந்தது. எந்த விலங்கின் தோலோ என்ற ஐயம் இந்து, முசுலிம் ஆகிய இரு சாராரையும் வருத்தியது. ஒரு துண்டுத் தோலின் பின்னே மனிதரின் மானமும் நம்பிக்கையும் உயிரும் நிற்கக்கூடும் என்பதை இக்கோட்டை கற்பிக்கிறது. அந்நினைவோடு, தோலையே தொழிலாகக் கொண்ட ஊருக்குச் செல்வோம்.

வேலூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் ஆம்பூர் இருக்கிறது. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தன. ஆர்க்காடும் வாலாசாவும் இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தன. 1749-இல் ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் வீழ்ந்த போர்க்களமும் ஆம்பூரே. சாலையின் இருமருங்கும் காலணிக் கடைகள் வரிசையாய் நிற்கும். உலகின் பல நாடுகளுக்கு இங்கிருந்து காலணியும் காலணியின் மேற்பாகமும் செல்கின்றன.

பசியோடு வந்தவர் முதலில் உணவு கொள்ளுக. ஆம்பூர்ப் பிரியாணி சீரகச்சம்பா அரிசியாற் செய்யப்படுவது. மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது அதற்கு நிறமும் சுவையும் தருகிறது. கத்தரிக்காய்த் தொக்கும் தயிர்ப் பச்சடியும் உடன் வரும். வேலூர் வட்டாரத்து இலவம்பாடி முள் கத்தரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. சுவையை நான் மேலும் விரிக்கவில்லை. ஆனால் ஓர் உண்மையை இலையின் முன்னிருந்தே எண்ணிப்பாருங்கள். தோலுக்காக மட்டும் ஆட்டை அறுப்பவர் அரியர். இறைச்சிக்காக அறுத்த ஆட்டின் எஞ்சிய பகுதியே தோல். அதனைப் பதனிடாமல் விட்டால் இரண்டொரு நாளில் அழுகி ஊருக்குத் தீங்காகும். பதனிட்டால் பல ஆண்டு உழைக்கும் காலணியாகும். பிரியாணியும் காலணியும் ஒரே ஆட்டின் இரு பயன்கள்.

தோல் எவ்வாறு பதப்படுகிறது? விலங்கின் தோல் பெரும்பாலும் நீரும், கொலாசன் என்னும் புரத இழைகளும் கொண்டது. நீர் இருக்கும் வரை நுண்ணுயிர்கள் அதில் பெருகி இழைகளைச் சிதைக்கும். ஆதலின் உரித்தவுடன் பச்சைத்தோலுக்கு உப்பிடுகின்றனர். தோலின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு எடையுள்ள உப்பு இதற்குச் செலவாகிறது. பதனிடும் சாலையை ஊரார் டேனரி என்றே வழங்குவர். அங்கே தோல் வந்து சேர்ந்ததும் உப்பைக் கழுவி ஊறவைப்பர். சுண்ணாம்பில் இட்டு மயிரைப் போக்குவர். உட்புறத்துக் கொழுப்பையும் சதையையும் நீக்குவர். பிறகு பதப்பொருளைத் தோலில் ஏற்றுவர். பதப்பொருள் புரத இழைகளோடு பிணைந்துகொள்ளும். அதன்பின் நீர் பட்டாலும் தோல் அழுகாது.

பழங்காலத்துப் பதப்பொருள் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் மெல்ல மெல்லத் தோலில் ஏறப் பல வாரங்கள் ஆகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் சென்னையில் குரோமிய உப்பால் பதனிடும் முறையைப் புகுத்த முயன்றார். இம்முறையில் பெரிய உருளைகளில் தோலையும் குரோமிய உப்பு நீரையும் இட்டுச் சுழற்றினால், ஒரு நாள் அளவிலேயே வேலை முடியும். தோலும் மென்மையாய், நீலம் பாரித்து வெளிவரும். ஆராய்ச்சிக்கென 1948-இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில், சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை இந்திய அரசு கட்டுப்படுத்தி, முடிவு பெற்ற தோலையும் காலணியையும் ஊக்கியது. பாலாற்றங்கரையில் வேலைவாய்ப்பு பெருகியது. அதனோடு கழிவுநீரும் பெருகியது.

இங்கேதான் பாலத்தின்மேல் நாம் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைக்கிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று குறிக்கிறது. அந்நீர் உப்பும் சுண்ணாம்பும் குரோமியமும் கலந்து, நெடுங்காலம் சுத்திகரிக்கப்படாமலே ஆற்றிலும் ஏரியிலும் விடப்பட்டது. ஆற்றில் நீரோட்டம் இருந்தால் கழிவு ஓரளவு அடித்துச் செல்லப்பட்டிருக்கும். பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி வறண்டது. மேலே மைசூர் நாட்டுப் பகுதியில் ஏரிகளும் அணைகளும் நீரைத் தேக்கின; இவ்வாற்று நீரைப் பற்றி 1892-லேயே சென்னை, மைசூர் அரசுகளுக்கிடையே ஒப்பந்தம் ஏற்பட்டது. ஓட்டமில்லா ஆற்றில் விட்ட கழிவு மணலுக்குள் இறங்கிக் கிணறுகளைச் சேர்ந்தது.

கடலைக் கடந்து வந்தவர்க்கு உப்புநீர் புதிதன்று. ஆயினும் கடலிலிருந்து 150 கிலோமீட்டருக்கு அப்பால், நெல்லும் கரும்பும் தென்னையும் வளர்ந்த நிலத்தில், கிணற்று நீர் கரித்தால் அதனை என்னென்பது? கடலோரத்து உப்பளத்தில் விளைந்த உப்பு பச்சைத்தோலின் மேலேறி இவ்வூர்களுக்கு வந்து, கழுவிய நீரோடு மண்ணுக்குள் இறங்கிற்று. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்று வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு நிலையம் கண்டதை உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது.

அவ்வழக்கைத் தொடுத்தது வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு. 1991-இல் தொடுக்கப்பட்ட அவ்வழக்கில் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவரே அதனைப் போக்கும் செலவை ஏற்கவேண்டும் என்பதும், கேடு நேரும் என அஞ்சத்தக்க இடத்தில் முழுச்சான்று வரும் வரை காத்திராமல் முன்னரே தடுக்கவேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. சட்டம் பயிலும் மாணவர்கள் இந்தியா முழுவதும் இவ்வழக்கைப் படிக்கின்றனர். நீங்கள் ஒரு பகல் தங்கும் இவ்வூரின் கிணறுகளிலிருந்து பிறந்த சட்டம் அது.

தீர்ப்பின் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கின. கழிவுநீரை வெளியே விடாமல், சவ்வுகளின் வழியே வடித்து மீண்டும் பயன்படுத்தும் முறை வந்தது. ஆயினும் நீரைப் பிரித்தெடுத்தால் உப்பு எஞ்சும். பல பொருள்கள் கலந்த அவ்வுப்பை வேறெதற்கும் எளிதிற் பயன்படுத்த இயலாது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட்டுத் தொழிற்சாலை ஒன்றின் நச்சுக் கழிவு இலட்சம் டன்னுக்கு மேல் மலைபோற் குவிந்தது. 2015 ஜனவரி 31-இல் அவ்வூரில் கழிவுக்கசடு தேக்கிய தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் மாண்டனர். 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடும் ஆற்றைச் சீர்ப்படுத்தும் பணியும் நடைபெறவேண்டும் என ஆணையிட்டது. வழக்கு தொடுத்து முப்பதாண்டுகளுக்கு மேலாகியும் பணி முடியவில்லை.

இதைக் கேட்டதும், இத்தொழிலை ஒழித்துவிட்டால் என்ன என்று உங்களுள் ஒருவர் வினவலாம். அதற்கு விடை ஆம்பூர்த் தெருவில் மாலை ஐந்து, ஆறு மணியளவில் கிடைக்கும். காலணித் தொழிற்சாலைகளின் வாயில்கள் திறக்கும். பெண்கள் கூட்டங்கூட்டமாக வெளிவந்து, தத்தம் ஊர்ப் பேருந்துகளில் ஏறுவர். தையற்பொறியில் மேற்பாகம் தைப்பவரும், பசையிட்டு ஒட்டுபவரும், வெட்டுபவருமாகிய அவர்களுட் பலர் சுற்றுப்புறச் சிற்றூர்களைச் சேர்ந்தவர். நீர் கெட்டுப் பயிர்த்தொழில் நலிந்த குடும்பங்களுக்கு இக்கூலியே வாழ்வாதாரம். தோல் வணிகர் வள்ளன்மையால் கல்வி நிலையங்களும் வளர்ந்தன. வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரி 1919-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. கெடுத்ததும் இத்தொழில், கொடுத்ததும் இத்தொழில் என்னும் நிலையில், தொழிலையும் ஆற்றையும் ஒருங்கே காப்பது எப்படி என்பதே வேதியியல், பொறியியல், சட்டம், பொருளியல் பயிலும் உங்கள் முன் நிற்கும் வினா.

முன் இசைவு பெறாமல் பதனிடும் சாலைக்குள் செல்ல இயலாது. செல்ல முயலவும் வேண்டா. கல்லூரி ஆசிரியர் வழியாக முன்னரே எழுதி இசைவு பெற்றோர்க்கு அது தனிப் பேறு. இசைவில்லாதவரும் காணத்தக்கவை பல. காலணிக் கடையில் ஒரு காலணியை எடுத்து, மேற்பாகம் எது, உள்தோல் எது, அடிப்பாகம் எது என்று கேட்டறியலாம். தேநீர்க் கடையில் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று வினவலாம். மேட்டூரிலிருந்து குழாய் வழியே வரும் காவிரி நீரைப் பற்றிச் சொல்லுவார்கள். பாலாற்றங்கரையில் பிறந்தவர் காவிரி நீரை எதிர்பார்க்கும் நிலையை அவ்வொரு விடையே விளக்கிவிடும். 2021 நவம்பரில் இருகரையும் புரள வந்த வெள்ளத்தைப் பற்றியும் கேளுங்கள். மழை மிக்க ஆண்டில் இவ்வாறு பெருகும் ஆறும் இதுவே.

ஒன்றை மட்டும் வேண்டுகிறேன். ஊர் மணத்தைக் குறித்து மூக்கைப் பொத்திக்கொண்டு பேசாதீர்கள். அம்மணத்தினூடே பிறர் உழைத்ததனால்தான் நம் காலணியும் இடைவாரும் மணமின்றி நம்மிடம் வருகின்றன.

இருட்டுமுன் பேருந்திலோ வண்டியிலோ சோலையார்பேட்டை சேர்ந்துவிடலாம். காட்பாடியில் ஏறுபவர் ஆம்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரம் திரும்பும் பயணத்திற்கு ஒதுக்கவேண்டும். ஒரு பகலில் நாம் கண்டவை ஓர் ஆறு, ஒரு கோட்டை, ஒரு தொழிலூர்; அவ்வளவே. ஆயினும் ஆற்றைக் கண்டு எழுந்த வினா தோலின் வழியே சென்று உப்பில் விடை பெற்றது. பகல் முழுவதும் நின்றிருந்தாலும் ஒரு பட்டியலால் இது இயலாது.

உங்கள் பயணம் வேறு ஊரில் இடைநிற்கலாம். அங்கே தோலுக்குப் பதிலாக நெசவோ, தீப்பெட்டியோ, மீனோ, துறைமுகமோ இருக்கலாம். அவ்வூர் எதனால் வாழ்கிறது, அதற்கு எதனை விலையாகக் கொடுக்கிறது என்னும் இரு கேள்விகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரண்டாவது கேள்வியை அங்குள்ள மக்களிடமே பணிவோடு கேளுங்கள். வண்டி வரும் நேரத்தையும் மறவாதீர்கள்.